தரிப்பிடம் உண்டு, நிழல் எங்கே?

சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் யாழ். குடாநாட்டின் கிராமப்புற வீதி எதிலேனும் பயணிப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். வீதியோரத்தே கொங்கிறீற் தூண்களும் தகரக் கூரையும் சீமெந்து ஆசனமும் கொண்ட பஸ் தரிப்பிடமொன்று இருக்கும். அதன் முகப்பில், அமரரான ஒருவரின் நினைவாகப் புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகள் அதனை அமைத்துக் கொடுத்தனர் என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயினும் உள்ளே எவரும் அமர்ந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருப்போர் சற்றுத் தள்ளியிருக்கும் வேப்பமரத்தின் கீழோ, மூடிய கடையொன்றின் தாழ்வாரத்திலோ, சில வேளைகளில் அத்தரிப்பிடத்தின் பின்சுவர் வெளிப்புறமாக வீழ்த்தும் நிழலிலோ ஒதுங்கி நிற்பர்.

நிழலுக்கென்று பணம் செலவிட்டுக் கட்டிய இடத்தில் நிழல் இல்லை. கட்டாத இடத்தில் நிழல் இருக்கிறது. இது ஏன் என்று நாம் கேட்பதில்லை. வெயில் என்பது எமக்குப் பழகிப்போன ஒன்று என்று எண்ணி இருந்துவிடுகிறோம்.

வலிகாமம் வடக்கின் அளவெட்டியை இக்கட்டுரைக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் கோயில்களும் நிறைந்த விவசாயக் கிராமம் அது. நாதஸ்வர மேதை என்.கே. பத்மநாதனையும், மஹாகவி என்ற பெயரால் அறியப்பட்ட கவிஞர் து. உருத்திரமூர்த்தியையும் ஈழத்துக்குத் தந்த மண். தோட்டத்திலிருந்து சந்தைக்கும், வீட்டிலிருந்து அருணோதயக் கல்லூரிக்கும், மருந்துக்காக வைத்தியசாலைக்கும் மக்கள் நாள்தோறும் வெயிலில் நடந்தும் காத்தும் நிற்கும் ஊர். இங்கு பொருந்துவது மல்லாகத்துக்கும் சுன்னாகத்துக்கும் யாழ்ப்பாண நகரத்துச் சோனகதெருவுக்கும் பொருந்தும். மன்னாருக்கும் காத்தான்குடிக்கும் அதிக வேறுபாடின்றிப் பொருந்தும்.

வெப்பம் என்பது வெறும் பாகைக் கணக்கல்ல

ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் திகதி முதல் 15ஆம் திகதி வரை இலங்கையின் அகலாங்குகளுக்கு நேராகச் சூரியன் உச்சம் கொடுப்பதாக வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதை வாசகர்கள் அறிவர். தெற்கே தொடங்கும் இவ்வுச்சம், நாட்டின் வட முனையிலுள்ள எமது பகுதியைச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வந்தடைகிறது. அன்று நண்பகல் பன்னிரண்டு மணி கடந்து ஏறத்தாழப் பத்து நிமிடத்தில், நட்டு நிறுத்திய கம்பத்துக்கு நிழலே இராது. ஓகஸ்ட் மாத இறுதியில் சூரியன் தெற்கே திரும்பும்போது இது மீண்டும் ஒருமுறை நிகழும்.

இக்காலத்தில் திணைக்களம் வெளியிடும் எச்சரிக்கைகள் வெப்பநிலையை மட்டும் கூறுவதில்லை. வெப்பச் சுட்டெண்ணையும் கூறுகின்றன. வளியின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து, உடல் எவ்வளவு வெப்பத்தை உணரும் என்று கணிப்பதே அச்சுட்டெண். வெப்பமானி 32 பாகை செல்சியஸ் காட்ட, ஈரப்பதன் 70 வீதமாக இருப்பின் உடல் உணர்வது ஏறத்தாழ 41 பாகையாகும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிடில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபட்டுப் போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இச்சுட்டெண் நிழலில் நிற்பவருக்காகக் கணிக்கப்படுவது. நேர் வெயிலில் நிற்பவர் படும் பாடு அதனிலும் கூடுதலாகும். 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாட்டில் வெப்பம் மிகுந்தபோது, மாணவர்களை வெளியரங்க விளையாட்டுகளில் ஈடுபடுத்துவதைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அது வேண்டிய நடவடிக்கையே. ஆனால் மைதானத்துக்கு அனுப்பாத மாணவனைப் பாடசாலை விட்டதும் நிழலற்ற வீதியோரத்தில் நிறுத்தி வைத்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகாதா?

நிழல் செய்யும் வேலை யாது?

நிழலில் காற்றுக் குளிர்ந்திருக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் ஒரு சிறு கூரையின் கீழுள்ள வளிக்கும் வெளியிலுள்ள வளிக்கும் இடையே வெப்பநிலையில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபடுவது கதிர்வீச்சே. தெளிந்த வானமுள்ள நண்பகலில் ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்தின் மீதும் ஏறத்தாழ 1000 வாற்று அளவுள்ள சூரிய சக்தி விழுகிறது. நல்ல நிழல் அதனைத் தடுத்து நிறுத்துகிறது. அதுவே எமக்குக் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது.

ஆனால் தடுத்த சக்தி எங்கே போகிறது? இங்குதான் தகரக் கூரை எம்மைக் கைவிடுகிறது. வெயிலில் கிடக்கும் தகரம் 60 பாகைக்கு மேலும் சூடேறும். சூடேறிய தகடு மேலே வானத்தை நோக்கி மட்டும் வெப்பத்தை விடுவதில்லை. கீழே இருப்பவரின் தலையை நோக்கியும் விடுகிறது. துருவேறிய அல்லது வர்ணம் பூசிய தகடு 60 பாகையில் ஒவ்வொரு பக்கமும் சதுர மீற்றருக்கு 600 வாற்றுக்கு மேல் கதிர்வீசும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வெப்பம்தான், தகரக் கொட்டகையினுள் நுழைந்ததும் தலையில் கனல் கொட்டியது போன்ற உணர்வைத் தருகிறது. போரின்போது இடம்பெயர்ந்து தகரக் கொட்டகைகளில் வாழ நேர்ந்த எம்மவருக்கு இதனை விளக்க வேண்டிய தேவையில்லை.

மரம் இதற்கு நேர்மாறானது. இலைகள் நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர வைத்துக்கொள்கின்றன. அதனால் உச்சி வெயிலிலும் அவற்றின் வெப்பநிலை சூழவுள்ள வளியின் வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். நீர் வளமுள்ள நிலத்தில் பெருமரமொன்று ஒரு நாளில் 100 லீற்றருக்கு மேற்பட்ட நீரை ஆவியாக்க வல்லது. அந்த 100 லீற்றரை ஆவியாக்க ஏறத்தாழ 68 கிலோவாற்று மணி சக்தி தேவை. சூரியன் தந்த சக்தி அவ்வழியே செலவாகிவிடுகிறது. எமது தலையில் இறங்குவதில்லை. கட்டிய தரிப்பிடத்தை விட்டு வேம்பின் கீழ் ஒதுங்கும் மூதாட்டி பௌதிகம் படித்தவரல்லர். எனினும் அவர் செய்வது பௌதிகத்துக்கு ஒத்த செயலே.

சூரியனின் பாதையை மறந்த கட்டடங்கள்

எமது தரிப்பிடங்களின் இரண்டாவது குறை அவை பார்க்கும் திசையில் உள்ளது. நிழல் என்பது கூரைக்கு நேர் கீழே நிலைத்து நிற்கும் பொருளன்று. அது நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எமது முன்னோர் தம் நிழலைக் காலடியால் அளந்து பொழுது கணித்தனர். முஸ்லிம் மக்கள் இன்றளவும் தம் தொழுகை நேரத்தை நிழலோடு இணைத்தே கொண்டுள்ளனர். ஷாஃபி வழியைப் பின்பற்றுவோரிடையே, ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழலளவு நீங்கலாக, அப்பொருளின் நீளத்துக்குச் சமமாகும்போது அஸ்ர் நேரம் தொடங்குகிறது. சூரியன் உச்சம் கொடுக்கும் சித்திரையில் இங்கு அது பிற்பகல் மூன்றேகால் மணியளவாகும்.

இவ்வளவைத் தரிப்பிடத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். காங்கேசன்துறை வீதி போன்று வடக்குத் தெற்காக ஓடும் வீதியின் கிழக்குப் பக்கத்தில், மேற்கு நோக்கிய தரிப்பிடமொன்று இருப்பதாகக் கொள்வோம். கூரையின் முன்விளிம்பு 2.7 மீற்றர் உயரம், ஆழம் 1.5 மீற்றர். பிற்பகல் இரண்டு மணிக்கே வெயில் 1.4 மீற்றர் உள்ளே புகுந்து, அமர்ந்திருப்பவரின் கால்களைச் சுடத் தொடங்கிவிடும். அஸ்ர் வேளையில் நிழல் பொருளின் உயரத்துக்குச் சமமாவதால் வெயில் 2.7 மீற்றர் உள்ளே புக வல்லது. ஆழமோ 1.5 மீற்றர்தான். எனவே பின்சுவரோடு சாய்ந்திருப்பவரின் தலை வரை வெயில் ஏறிவிடும். நான்கு மணிக்கு நிலைமை இதனினும் மோசமாகும். பாடசாலை விட்டு, மேலதிக வகுப்பு விட்டு, அலுவலகம் விட்டு மக்கள் காத்திருக்கும் நேரங்களில் அக்கட்டடம் நிழல் தருவதில்லை. தருவது காலையில் மட்டுமே.

அதே தரிப்பிடத்தை வீதியின் மறுபக்கத்தில் கிழக்கு நோக்கிக் கட்டினால் பின்சுவரே பிற்பகல் வெயிலைத் தடுத்துவிடும். அங்கு தொல்லை தருவது காலை வெயில் மட்டுமே. கிழக்கு மேற்காக ஓடும் வீதிகளில் கணக்கு வேறு. மார்கழியில் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 33 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஆனியில் 14 பாகை வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகவே தெற்கு நோக்கிய தரிப்பிடத்துக்கு மாரிகால நண்பகலிலும் ஆழமான கூரை தேவை. வடக்கு நோக்கியதற்குக் குறைந்த ஆழமே போதும். ஒரே வரைபடத்தை வைத்து எல்லா வீதிகளிலும், எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரிக் கட்டுவது செலவைக் குறைக்கலாம். நிழலையும் சேர்த்தே குறைத்துவிடும்.

இதனைத் திருத்தப் பெரும் பொறியியல் அறிவு வேண்டியதில்லை. மேற்கு நோக்கிய அந்தத் தரிப்பிடத்தின் முன்விளிம்பை 2.1 மீற்றருக்குத் தாழ்த்தி, ஆழத்தை 2.5 மீற்றராக அதிகரித்தால், பின்சுவரோடு அமர்ந்திருப்பவர் அஸ்ர் வேளையிலும் நிழலில் இருப்பார். நான்கு மணிக்கும் அவரது தலையும் மார்பும் நிழலில் இருக்கும். அவ்வாறு ஆழமாகக் கட்ட இடமில்லாவிடில், பஸ் வருவது தெரியத்தக்க இடைவெளிகளோடு மேற்குப் பக்கத்தே சாய்வான பலகைத் தட்டிகளையோ, எமது மட்டை வேலியைப் போன்ற பனைமட்டை மறைப்பையோ அமைக்கலாம். கண்ணுக்கு இடைவெளி, வெயிலுக்குத் தடை என்ற இரண்டையும் ஒருங்கே தருவது மட்டை வேலி என்பதை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை.

காற்றும் மறக்கப்படலாகாது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றே வெப்பகாலத்தில் எமக்குக் கிடைக்கும் ஆறுதல். மாரி மழையோ வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து சாரலாக அடிப்பது. மூன்று பக்கமும் சுவரெழுப்பிய தரிப்பிடம் சோளகத்தையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுகிறது. வடகிழக்கில் மறைப்பு, தெற்கில் திறப்பு, மேற்கில் இடைவெளியுள்ள தட்டி என்பது எமது பகுதிக்குப் பொருந்தும் பொது விதியெனலாம்.

முன்னோர் அமைத்த நிழல்

பொதுவிடத்தில் நிழல் அமைப்பது எமக்குப் புதிய விடயமல்ல. மருதனார்மடம், கந்தர்மடம், ஆறுகால்மடம் என்று எமது இடப்பெயர்களே சாட்சி பகர்கின்றன. வழிப்போக்கர் தங்கிச் செல்வதற்காகத் தனியார் தருமமாகக் கட்டிய மடங்கள் காலப்போக்கில் ஊர்ப்பெயர்களாயின. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் இவற்றுள் தனித்துவமானது. வீதியையே கூரையால் மூடி, இருமருங்கும் உயர்ந்த கல் திண்ணைகளை அமைத்து, நடுவே வண்டிகள் செல்ல வழிவிட்ட அமைப்பு அது. நடப்பவருக்கும் வண்டிக்கும் அமர்பவருக்கும் ஒரே கூரை நிழல் தந்தது. இன்று உலக நகரங்கள் பெரும் செலவில் செய்ய முனைவதும் இதுவேயாகும்.

வீடுகளிலும் இப்பண்பு இருந்தது. யாழ்ப்பாணத்து வீட்டு வாயிலில் வேலியோடு சேர்த்துச் சிறு கூரை வேய்ந்து கட்டப்பட்ட சங்கடப்படலை, வீட்டாருக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. வெயிலிலும் மழையிலும் தெருவால் செல்பவர் ஒதுங்குவதற்காகவும் அமைக்கப்பட்டது. தனியார் காணியின் விளிம்பில் பொதுமக்களுக்காக விடப்பட்ட நிழல் அது. இன்று அவ்விடத்தைப் பூட்டிய இரும்புக் கதவும் உயர்ந்த மதிலும் பிடித்துக்கொண்டுள்ளன.

வீதியோரங்களில் நின்ற சுமைதாங்கிகளையும் இங்கு நினைவுகூர வேண்டும். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுவுவது எம்மவர் வழக்கம். சுமையோடு போனவளின் பெயரால், சுமையோடு வருபவர் தம் பாரத்தை இறக்கிவைக்க ஒரு கல். அதன் அருகே பெரும்பாலும் ஒரு மரமும் ஒரு கிணறோ கேணியோ இருக்கும். நினைவுச் சின்னம் பயன் தராமல் இருக்கலாகாது என்ற எண்ணம் அதில் இருந்தது. புலம்பெயர்ந்தோர் இன்று தம் பெற்றோரின் நினைவாகத் தரிப்பிடம் கட்டிக் கொடுப்பதும் அந்த மரபின் தொடர்ச்சியே. ஆகவே அது உண்மையில் நிழல் தருகின்றதா என்று பார்ப்பது கொடுத்தவரைக் குறைகூறுவதாகாது. அவர்களது எண்ணத்துக்கு மதிப்பளிப்பதாகும்.

அதேவேளை, பழையன யாவும் நல்லன என்று நாம் கூற வரவில்லை. அக்கால மடங்களும் திண்ணைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வெயிலில் அதிகம் உழைத்தவர்களுக்கே, அவர்களது சாதியைக் காரணங்காட்டி, அந்நிழல் பல இடங்களில் மறுக்கப்பட்டது. பொது நிழல் என்றால் அது எவரையும் பிறப்புக் கேட்காத நிழலாக இருக்க வேண்டும். பழைய அமைப்பின் அறிவை எடுத்துக்கொண்டு, அதன் அநீதியை விட்டுவிட வேண்டியது எமது கடமையாகும்.

கோயில் திருவிழாக்களின்போது எழும் பந்தலிலும் ஒரு பாடம் உண்டு. கிடுகால் வேய்ந்த கூரைக்குக் கீழே வெள்ளைத் துணியால் மேற்கட்டி கட்டுவதை நாம் அலங்காரமென்று மட்டும் எண்ணுகிறோம். ஆனால் மேற்கூரைக்கும் துணிக்கும் இடையே காற்று உலாவுவதால், மேலிருந்து இறங்கும் வெப்பம் அத்துணியில் தடைப்பட்டுவிடுகிறது. இரட்டைக் கூரை என்று இன்றைய கட்டடக் கலைஞர் கூறும் முறையும் இதுவே. தகரக் கூரையை முற்றாக நீக்க முடியாத இடங்களில், அதன் கீழ் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பனையோலைத் தட்டியோ பலகையோ பொருத்தி, இரு முனைகளிலும் காற்றுப் போக வழிவிட்டால் தலைமேல் இறங்கும் கனல் பெருமளவு குறையும். கூரையின் மேற்புறத்துக்கு வெள்ளை பூசுவதும் நல்ல பயன் தரும். புதிதாகப் பூசிய சுண்ணாம்பு தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணக்கற் பாறையின் மேல் வாழும் எமக்கு அது அரிய பொருளுமன்று. மழையில் கரைந்து போவதால் ஆண்டுக்கொரு முறை, பங்குனியில், மீண்டும் பூச வேண்டும்.

உலகம் சொல்லும் செய்தி

நிழல் வசதியா, உயிர் காக்கும் சேவையா என்ற வினாவுக்கு அண்மைக்காலத்தில் துயரமான விடை கிடைத்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹஜ் கடமையின்போது மக்காவில் வெப்பநிலை 50 பாகையைக் கடந்தது. 1,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் அனுமதி பெறாமல் வந்தோர் என்றும், தகுந்த நிழலோ தங்குமிடமோ இன்றி நேர் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அதிகாரிகள் அறிவித்தனர். ஒரே வெயில், ஒரே பயணம். நிழல் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே இருந்த வேறுபாடே பலரது விதியைத் தீர்மானித்தது.

அதே நாட்டில், மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலைச் சூழவுள்ள முற்றத்தில் 250 பெரும் குடைகள் நிறுவப்பட்டுள்ளன. பகலில் விரிந்து நிழல் தரும் அவை, இரவில் மடிந்து தரையில் தேங்கிய வெப்பத்தை வானுக்கு விடுகின்றன. இத்தகைய பொருட்செலவு எமக்கு எட்டாதது. எனினும் அதன் பின்னாலுள்ள அறிவு எட்டக்கூடியது. பகலில் மூட வேண்டும்; இரவில் திறக்க வேண்டும். எமது பெருமரங்களின் கீழ் ஓலைப் பந்தல் போட்டு, வெயில் தணிந்ததும் தட்டியை உயர்த்திக் கட்டுவோர் செய்வதும் அதுவே.

சிங்கப்பூரில் 1822ஆம் ஆண்டு ஸ்ரம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், வீதியோரக் கட்டடங்கள் யாவும் தம் முன்புறத்தே தொடர்ச்சியான கூரையிட்ட நடைபாதையை விட வேண்டும் என விதித்தது. ஐந்தடிப் பாதை என்று அது பெயர் பெற்றது. அந்நாடு 2013இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், ரயில் நிலையங்களிலிருந்து 400 மீற்றர் தூரத்துக்கு உட்பட்ட பாடசாலைகள், வைத்தியசாலைகள், குடியிருப்புகளைக் கூரையிட்ட நடைபாதைகளால் இணைத்து, 2018 அளவில் 200 கிலோமீற்றர் பாதையை அமைத்தது. அங்கு நிழலைத் தனித்தனிப் பந்தல்களாக எண்ணவில்லை. ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு இணைக்கும் தொடராக எண்ணினர். எமது ஊரில் பாடசாலை வாயிலிலிருந்து தரிப்பிடம் வரையான தூரம் சில நூறு மீற்றர்தான். அத்தூரம் முழுவதும் வெயிலாயின் தரிப்பிடத்து நிழல் மட்டும் போதாது.

மறுபுறம், மிகக் குறைந்த செலவிலும் உடனடியாகச் செய்யக்கூடியன உண்டு. 2024 மே மாதத்தில் புதுச்சேரியில், வீதி விளக்குச் சமிக்ஞையில் காத்து நிற்கும் இருசக்கர வாகன ஓட்டிகளுக்காக வீதிக்குக் குறுக்கே பச்சை வலைப் பந்தல்கள் கட்டப்பட்டன. எமது விவசாயிகள் நாற்றுமேடைக்குக் கட்டும் அதே வலைதான். நாற்றுக்கு வெயில் ஆகாது என்று அறிந்த நாம், பிள்ளைகளுக்கும் ஆகாது என்பதை ஏன் எண்ணுவதில்லை?

மரமே முதற்கூரை

இவை யாவற்றுக்கும் மேலாக மரம். அசோகச் சக்கரவர்த்தி தாம் வழிநெடுக ஆலமரங்களை நட்டதைத் தம் கல்வெட்டில் பதிந்து வைத்தார். மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தருவதற்கென்றே நட்டதாக அதில் கூறினார். மரம் நட்டு, அதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தப்படுத்துவதையும் நபியவர்கள் கடுமையாகத் தடுத்துள்ளார்கள். சைவரின் ஆலயங்களோ தத்தமக்கென ஒரு தலவிருட்சத்தைப் பேணி வருகின்றன. நிழலைப் பொதுச் சொத்தாகப் போற்றுவதில் எமது சமயங்களிடையே வேறுபாடில்லை.

ஆயினும் கடந்த பல தசாப்தங்களில் நாம் இழந்த மரங்கள் கணக்கிலடங்கா. போர்க்காலத்தில் காப்பரண்களுக்காகப் பனைகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. மக்கள் இடம்பெயர்ந்த காணிகளில் மரங்கள் கவனிப்பாரின்றி அழிந்தன. போர் முடிந்த பின்னர் வீதிகள் அகலிக்கப்பட்டபோது, எஞ்சி நின்ற வீதியோர மரங்கள் பலவும் வீழ்ந்தன. வீதி அகன்றது வரவேற்கத்தக்கதே. ஆனால் அகன்ற தார் வீதி வெயிலை விழுங்கி அனலாகக் கக்குவது. அதனருகே மரத்தை நடாமல் விட்டது பெருந்தவறாகும்.

மரம் வளரும் வரை யார் காத்திருப்பது என்று சிலர் கேட்கக்கூடும். வேம்பும் புளியும் நிழல் தரச் சில ஆண்டுகள் எடுக்கும் என்பது உண்மையே. ஆனால் பூவரசு அவ்வாறன்று. கனத்த கதியாலாக ஊன்றி, முதலிரு கோடைகளில் நீர் விட்டால், விரைவிலேயே ஒருவர் நிற்கத்தக்க நிழலைத் தந்துவிடும். வேலிக்குக் கதியால் போடும் எமது கைகளுக்கு இது தெரியாத வேலையல்ல. இன்று வலைப்பந்தல், இரண்டு மூன்று ஆண்டுகளில் பூவரசு, பத்து ஆண்டுகளில் வேம்பும் மருதும் என்று படிமுறையாகத் திட்டமிட்டால் நிழலற்ற ஆண்டு ஒன்றேனும் இராது. மரத்தைத் தரிப்பிடத்தின் மேற்குப் பக்கத்தே, மின்கம்பிகளுக்கு விலகி நட வேண்டும் என்பதே முக்கியம். கம்பியின் கீழ் நட்ட மரம் ஆண்டுதோறும் தலை வெட்டப்பட்டு நிழலற்ற முண்டமாகவே நிற்கும்.

யார் செய்வது?

எமது நாட்டில் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும், அடுத்த தரத்தன மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், உள்ளூர் வீதிகள் பிரதேச சபைகளிடமும் உள்ளன. பாடசாலை வாயில் கல்வித் திணைக்களத்துக்கு உரியது. நன்கொடையாளரோ கடல் கடந்து இருக்கின்றனர். இத்தனை கைகளுக்கும் இடையே நிழல் எவரது பொறுப்பும் அல்லாததாகிவிடுகிறது. தூண் நட ஒருவரிடம் அனுமதி. மரம் நட இன்னொருவரிடம். கிளை வெட்டுபவர் மூன்றாமவர்.

உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச் மாதத்தில் கலைந்து ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கின. 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னரே சபைகள் மீண்டும் கூடின. வலிகாமம் வடக்கு பிரதேச சபை உள்ளிட்ட வடக்கு, கிழக்குச் சபைகள் இவ்விடயத்தில் முன்னின்று ஒருங்கிணைக்க வேண்டும் என நாம் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் பெருநிதி தேவையில்லை. முதலாவதாக, புதிய தரிப்பிடம் எதற்கும் அனுமதி வழங்குமுன் அது எத்திசை நோக்குகிறது, பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும் என்பதை வரைபடத்தில் காட்டுமாறு கோரலாம். இரண்டாவதாக, நன்கொடையாளருக்கு வழங்கவென நான்கு திசைக்கும் நான்கு மாதிரி வரைபடங்களைத் தயாரித்து வைக்கலாம். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இயங்கும்போது இப்பணிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. மூன்றாவதாக, ஒவ்வொரு தரிப்பிடத்தோடும் குறைந்தது இரு மரங்களை நட்டு, முதல் மூன்றாண்டுப் பராமரிப்பை அருகிலுள்ள சனசமூக நிலையத்திடமோ பள்ளிவாசல், ஆலய பரிபாலன சபையிடமோ ஒப்படைக்கலாம்.

பாடசாலைகளும் பங்கெடுக்க முடியும். ஒரு மீற்றர் நீளக் கம்பொன்றைத் தரிப்பிடத்தருகே நட்டு, காலை ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அதன் நிழலை மாணவர்கள் அளந்து குறிக்கட்டும். சித்திரையிலும் ஆனியிலும் புரட்டாதியிலும் மார்கழியிலும் ஒவ்வொரு நாள் செய்தால் போதும். அவ்வூருக்குரிய நிழற்கணக்கு முழுவதும் அவர்கள் கையில் இருக்கும். கணிதமும் புவியியலும் கற்றதாகவும் ஆகும். ஊருக்கு உதவியதாகவும் ஆகும்.

கட்டி முடித்த தரிப்பிடத்தைத் திறந்து வைக்கும் வைபவங்கள் வழமையாகக் காலை வேளையில், நல்ல நேரம் பார்த்து நடைபெறுகின்றன. நாடா வெட்டுவோர் நிழலில் நின்றே வெட்டுகின்றனர். இனிமேல் அவ்வைபவத்தைச் சித்திரை மாதத்தில் பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வைத்துப் பார்க்கட்டும். விருந்தினர்கள் அரை மணி நேரம் அந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கட்டும். அவர்கள் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போகாமல் இருப்பார்களாயின், அத்தரிப்பிடத்தில் பொறித்த பெயருக்குரியவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை செய்யப்பட்டுவிட்டது என்று நாம் கொள்ளலாம்.